தங்கோ: ஹான்ஸ் ஒர்பெர்க் ஐயாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹான்ஸ் ஒர்பெர்க் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் 2010-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டீர்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் எழுத எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அப்போது உங்கள் பெயரே எனக்குத் தெரியாது. நன்றியை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படி இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். தொடுவதுதான் என் தொழில். காலையில் கிளினிக் கதவைத் திறந்தால் இரவு வரைக்கும் முட்டி, தோள், கழுத்து, இடுப்பு, கணுக்கால் என்று யாராவது ஒருவருடைய வலி என் கைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தத் தொடுதலுக்கு லத்தீன் மொழியில் உள்ள மிகச் சாதாரணமான வினைச்சொல்லை நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். உங்கள் புத்தகத்திலிருந்து நான் பெற்றவை ஏராளம். ஆனாலும் மொத்தத்துக்கும் சேர்த்துப் பொதுவாக நன்றி சொன்னால் அது சம்பிரதாயமாகிவிடும். ஒரே ஒரு வினைக்காக நன்றி சொல்கிறேன். தங்கோ. 'தொடுகிறேன்.'

கல்லூரியில் நாங்கள் லத்தீன் படிக்கவில்லை. ஆனால் லத்தீனை மனப்பாடம் செய்தோம். லாட்டிசிமஸ் டார்சை, பட்டெல்லா, டிபியா என்று நூற்றுக்கணக்கில் தசைகளும் எலும்புகளும். 'முதுகின் மிக அகன்றது' என்பதைத்தான் முதல் பெயர் சொல்கிறது, பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு, டிபியா என்றால் ஊதுகுழல் என்றெல்லாம் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அழற்சிக்கு நாலு அடையாளம் உண்டு: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. கெல்சுஸ் என்ற ரோமானியர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தது. இன்றைக்கும் பரீட்சையில் அதைக் கேட்கிறார்கள். ரூபர், டியூமர், கேலர், டோலர் என்று நாங்கள் ஒப்பித்தோம். மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த நாலும் ஒருகாலத்தில் மனிதர்கள் வீட்டில் பேசிய சொற்கள் என்ற எண்ணமே எழவில்லை.

பல வருஷம் கழித்து உங்கள் புத்தகம் கைக்கு வந்தது. 'லிங்க்வா லத்தீனா பெர் சே இல்லுஸ்த்ராத்தா', தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் லத்தீன் மொழி. 1955-இல் வேறொரு பெயரில் முதலில் வந்து, பின்னால் இந்தப் பெயரைப் பெற்றது. டென்மார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த நீங்கள் எழுதிய அந்தப் புத்தகத்தில் ஒரு சொல்கூட டேனிஷ் இல்லை, ஆங்கிலம் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் லத்தீன் மட்டுமே. இலக்கணம் சொல்லும் பகுதியும் லத்தீன்தான். ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள், ஏற்கெனவே தெரிந்த சொற்களைக் கொண்டே எழுதிய சின்னச் சின்னக் குறிப்புகள். அவ்வளவுதான். இந்த முறையின் அருமை ஒரு தமிழருக்கு நன்றாகவே விளங்கும். தமிழுக்கு ஆங்கிலம், ஆங்கிலத்துக்கு லத்தீன் என்று இரண்டு சுவர் தாண்ட வேண்டிய இடத்தில், சுவரே இல்லாத ஒரு வாசலை நீங்கள் திறந்துவைத்தீர்கள். கோபன்ஹேகனில் இருந்தாலும் திருச்சியில் இருந்தாலும் அந்தப் புத்தகத்தின் முன்னால் எல்லாரும் ஒரே வகுப்பு மாணவர்கள்தான்.

பதினோராவது பாடத்துக்கு வருகிறேன். மனித உடல்தான் அந்தப் பாடத்தின் தலைப்பு. முந்தின பாடத்தில் க்வின்துஸ் என்ற பையன் பறவைக் கூட்டைப் பார்க்க மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்துவிட்டான். இப்போது கட்டிலில் படுத்திருக்கிறான். கால் வீங்கியிருக்கிறது. அம்மா அயெமிலியா பக்கத்தில் இருக்கிறாள். வீட்டு அடிமைப்பெண் சிரா அழுதுகொண்டிருக்கிறாள். துஸ்குலும் ஊரிலிருந்து மருத்துவரை அழைத்து வருகிறார்கள். வந்தவர் பையனின் வீங்கிய காலில் விரலை வைக்கிறார். பையன் வலிக்கிறது என்று அலறுகிறான். அந்த 'வலிக்கிறது', தொலெத், நான் கல்லூரியில் ஒப்பித்த டோலருடன் பிறந்த சொல் என்று அந்த நொடியில் புரிந்தது. யாரும் விளக்கவில்லை. ஒரு பையன் கத்தினான், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மருத்துவர் கையில் இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் எடுக்கிறார். அது அன்றைய வைத்திய முறை. கண்ணை மூடிக் கிடக்கும் பையன் போய்விட்டான் என்று சிரா நினைத்துவிடுகிறாள். தாய் அவன் மார்பில் கை வைத்துப் பார்க்கிறாள், இதயம் துடிக்கிறது. இந்த அறைக்குள்தான், இத்தனை பயத்துக்கும் பாசத்துக்கும் நடுவில்தான், தங்கோ என்ற அந்த வினை எனக்கு அறிமுகமானது. பட்டியலில் எத்தனையோ நூறு வினைகளில் ஒன்றாக அது என்னிடம் வந்து சேரவில்லை. பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்று ஒரு கை தேடும் இடத்தில் வந்து சேர்ந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நீங்கள் எங்களை நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் எங்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது.

இனி அந்த வினையைப் பற்றி, தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம்.

தங்கோ, தங்கெரெ, தெதிகீ, தாக்தும். தொடுகிறேன், தொட, தொட்டேன், தொட்டு என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். 'தங்கம்' என்று சொல்லும்போது வரும் அதே ங்க ஒலிதான் இதிலும். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் 'தொடுகிறேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடுவதுபோல அங்கேயும் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். தங்கோ நான், தங்கிஸ் நீ, தங்கித் அவன் அல்லது அவள். தொடப்படும் பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை. நாம் சுவரைத் தொடுகிறோம், அவர்கள் மூரும் தொடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக லத்தீனுக்குள் போகிறவர்கள் இந்த இரண்டு விஷயங்களிலும் மாதக்கணக்கில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைக்கு இவை பிறந்த வீடு.

இறந்தகாலத்தைப் பாருங்கள். தங்கோ எப்படித் தெதிகீ ஆனது? வேர் தக் என்பதுதான். நிகழ்காலத்தில் அதற்குள் ஒரு மெல்லினம் நுழைந்து தங்க் ஆகிறது. இறந்தகாலத்தில் அந்த மெல்லினம் விலகிக்கொள்ள, முதல் அசை இரட்டிக்கிறது: தெ-திக்-ஈ. பழைய வினைகள் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. விழுந்தேன் என்பது கெகிதீ, பாடினேன் என்பது கெகினீ. நம் தமிழ் வாத்தியார் என்ன சொல்லித்தந்தார்? தொடு, பெறு, புகு மாதிரிச் சொற்களில் பகுதி இரட்டித்தே இறந்தகாலம் காட்டும் என்றார். தொட்டேன், பெற்றேன், புக்கேன். இரண்டு மொழிக்கும் உறவில்லை. ஆனாலும் தொட்டு முடித்ததைச் சொல்ல ஒன்று தலையில் இரட்டிக்கிறது, மற்றது வாலில் இரட்டிக்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

இன்னொன்றுக்கும் நன்றி. உங்கள் புத்தகம் முழுவதும் நெடில் உயிர்களுக்குத் தலையில் கோடு போட்டு அச்சிட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான லத்தீன் பதிப்புகள் அதைச் செய்வதில்லை. தங்கோவில் முதல் உயிர் குறில், தாக்துமில் அதுவே நெடில். அந்தக் கோடு இல்லாவிட்டால் இது தெரியவே தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதினால் அந்தக் கோடே தேவையில்லை, எழுத்தே குறில் நெடிலைக் காட்டிவிடுகிறது. உங்கள் குரலிலேயே நீங்கள் வாசித்துப் பதிவு செய்த ஒலியைக் கேட்டுக்கொண்டு நான் தமிழ் எழுத்தில்தான் முதல் நோட்டை நிரப்பினேன். நிதானமான குரல் உங்களுடையது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு நெடிலுக்கும் உரிய நேரத்தைக் கொடுத்து வாசித்திருக்கிறீர்கள்.

ஆனால் நோட்டோடு நின்றிருந்தால் இந்த மடலுக்கு அவசியமே வந்திருக்காது. சொல்லைப் பயன்படுத்தும் தைரியத்தை நீங்கள் தந்தீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று பயிற்சி வைத்திருக்கிறீர்கள். கடைசிப் பயிற்சியில் கேள்விகள். பதிலை நாமே சொந்த வாக்கியத்தில் லத்தீனில் எழுத வேண்டும். அப்படி எழுதி எழுதிப் பழகினபின் புத்தகத்துக்கு வெளியிலும் வாக்கியங்கள் தாமாக வர ஆரம்பித்தன.

முதலில் அடுப்படியில் வந்தது. என் மகள் கொதிக்கிற பாத்திரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். 'நோலீ ஒல்லம் தங்கெரெ, கலித எஸ்த்' என்றேன். பானையைத் தொடாதே, சூடு. அவளுக்குப் புரியவில்லை, ஆனால் கையை எடுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் 'நோன் தங்கோ' என்று பதில் வந்துவிடுகிறது. என் புத்தகம் இடம் மாறிக் கிடந்து, யார் இதைத் தொட்டது என்று கேட்டால், 'நோன் தெதிகீ' என்று இரட்டித்த இறந்தகாலத்தையும் சரியாகச் சொல்கிறாள். அவளுக்கு நான் ஒரு அட்டவணையும் காட்டியதில்லை. உங்கள் முறை குழந்தைகளின் முறை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காய்ச்சலில் கிடந்த அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்ட அன்று, 'சாப்பாட்டைத் தொடவே இல்லை' என்று அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கிபும் நோன் தெதிகித். ரோமானியரும் இதையே இப்படியே சொல்லியிருப்பார்கள். தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பது மட்டும் எங்கள் இலைக்கே உரியது, அதை உங்களுக்கு நான்தான் கற்றுத்தர வேண்டும். எங்கள் வீடு ரோட்டை ஒட்டி இருக்கிறது: தொமுஸ் நொஸ்த்ர வியம் தங்கித். கப்பல் துறைமுகத்தை அடைவதற்கும் இதே வினை, ஒரு விஷயத்தைப் பேச்சில் இலேசாகக் குறிப்பிடுவதற்கும் இதே வினை, மனசைத் தொடுவதற்கும் இதே வினை. சரியான இடத்தைப் பிடித்துச் சொல்லிவிட்டால், ஊசியால் தொட்டுவிட்டாய் என்று பாராட்டுவார்களாம். இடி விழுந்த கோயிலையும் மதிலையும் 'வானிலிருந்து தொடப்பட்டது' என்று ரோமானிய வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். தே கைலோ தாக்தும். அவ்வளவு பெரிய சத்தத்துக்கு இவ்வளவு மெல்லிய வினையா என்று முதல் தடவை படித்தபோது அயர்ந்துபோனேன்.

கிளினிக்கில் இந்த வினை எனக்குச் செய்த உதவி வேறு விதம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழகிப்போன கை, பார்க்காமலே தொடும். அது எங்கள் தொழிலில் வரும் ஆபத்து. ஒரு நாளில் இத்தனை முட்டிகளைப் பார்த்தபின் அடுத்த முட்டி வெறும் முட்டியாகிவிடும். உங்கள் பாடத்தைப் படித்தபின் ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு லத்தீன் வாக்கியம் சொல்லும் பழக்கம் வந்தது. 'அம்மா, முட்டியத் தொட்டுப் பாக்கட்டுமா? வலிச்சா உடனே சொல்லுங்க' என்று வாய் தமிழில் கேட்கும். மனசு 'லிகெத்னெ தங்கெரெ?' என்று கேட்கும். தொடலாமா? அவர் தலையசைத்தபின் புறங்கையை முதலில் நல்ல முட்டியில் வைப்பேன், அப்புறம் வலிக்கிற முட்டியில். சூட்டின் வித்தியாசம் உள்ளங்கையைவிடப் புறங்கைக்கு நன்றாகத் தெரியும். கெனூ துவும் தங்கோ. உன் முட்டியைத் தொடுகிறேன். அந்நிய மொழியில் வாக்கியத்தை முழுதாகக் கட்ட வேண்டியிருப்பதால் அவசரப்பட முடியாது. எந்த வேற்றுமை, எந்த விகுதி என்று மனம் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம் கையும் நிற்கும். அந்த நிதானம்தான் நோயாளிக்கு நான் கொடுப்பதில் பாதி மருந்து என்று நம்புகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொடு உணர்வு எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்போம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சு நுனியால் விரலில், மணிக்கட்டில், முழங்கையில் இலேசாகத் தொடுவோம். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சில சமயம் தொடாமலே காத்திருப்போம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார். இடது கையில் ஒன்றுமே தெரியாமல் இருந்தது. வாரக்கணக்கில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசாமலே உட்கார்ந்திருப்பார். நானும் பேசாமலே பஞ்சை நகர்த்துவேன். ஒரு நாள் சாயங்காலம், 'இப்ப தொட்டீங்க சார், சுண்டு விரல்ல' என்றார். கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்து, இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் போலிருக்கிறது.

சென்தித் சே தங்கீ. தான் தொடப்படுவதை அவர் உணர்கிறார். ஐயா, அந்த வாக்கியத்தின் இலக்கணம் உங்கள் பதினோராவது பாடத்தில் இருப்பது. இன்னார் இன்னது செய்வதாகக் காண்கிறேன், கேட்கிறேன், உணர்கிறேன் என்று சொல்லும்போது, அந்த இன்னாரை லத்தீன் இரண்டாம் வேற்றுமையில் வைக்கும், வினையை எச்சமாக வைக்கும். தமிழில் 'நீங்கள் தொடுவதை உணர்கிறேன்' என்போம். வேற்றுமை உருபு செயலின் மேல் ஏறுகிறது. லத்தீனில் அது ஆளின் மேல் ஏறுகிறது. இலக்கணப் புத்தகங்கள் இதை ஒரு கஷ்டமான விதி என்று தனி அத்தியாயத்தில் வைத்து மாணவர்களைப் பயமுறுத்தும். நீங்களோ, நோயாளிப் பையனைச் சுற்றி நிற்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதை நினைக்கிறார்கள், எதை உணர்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போய், விதியைக் கதைக்குள் கரைத்துவிட்டீர்கள். அதனால்தான் அந்த டிரைவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு விதி நினைவுக்கு வரவில்லை, வாக்கியம் வந்தது.

தொடு என்பதிலிருந்து லத்தீன் கட்டியிருக்கும் வீடு பெரியது. எல்லா அறைக்கும் போக இங்கே இடமில்லை. உங்கள் நாட்டுக்காரர் ஒருவரை மட்டும் சொல்லியாக வேண்டும். தோமாஸ் ஃபிங்கெ என்ற டேனிஷ் கணித அறிஞர் 1583-இல் பாசெல் நகரில் வெளியிட்ட வடிவியல் நூலில், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டை வைத்துத் தங்கென்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார். 'தொடுவது' என்று பொருள். அப்போது அவருக்கு 22 வயது. பின்னாளில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சைன், காஸ், டேன் என்று எழுதுகிறார்களே, அந்த டேன் இவர் சூட்டிய பெயர்தான். அதே பிள்ளைகள் வடிவியலில் அதைத் தொடுகோடு என்று அழகாகத் தமிழில் எழுதுகிறார்கள். டேனும் தொடுகோடும் ஒரே சொல்தான் என்று அந்த வகுப்பில் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். எத்தனை பேருக்குக் கணக்கின் மேல் ஆசை வரும்!

2020-இல் இந்த வினையின் இன்னொரு பிள்ளை எங்கள் பிழைப்பைப் பறித்தது. கொந்தாகியோ. சேர்ந்து தொடுவது என்ற பொருளில் பிறந்து, தொற்று என்று ஆன சொல். ஊரே யாரையும் தொடாமல் இருந்த மாதங்கள் அவை. வீடியோ அழைப்பில் ஒரு பாட்டியின் தோளை எப்படி உயர்த்த வேண்டும் என்று அவர் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பேரன் நன்றாகத்தான் செய்தான். ஆனால் அந்தத் தோள் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத் திரை எனக்குச் சொல்லவில்லை. தங்கம், தங்கேஸ், தங்கெத் என்று எதிர்கால வடிவங்களை அந்த நாட்களில்தான் ஆழமாகப் படித்தேன். தொடுவேன், தொடுவாய், தொடுவார். நிகழ்காலத் தங்கித்துக்கும் எதிர்காலத் தங்கெத்துக்கும் ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம்.

ஒரு தமிழரால் தொடுதலைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தொடப்படாதது என்ற பொருளில் லத்தீனில் இரண்டு சொல் உண்டு. ஒன்று இன்தாக்துஸ், இன்னொன்று இன்தெகெர். இரண்டும் உயர்ந்த சொற்கள். பழுதுபடாதது, முழுமையானது, நேர்மையானது. கணக்கில் முழு எண்ணுக்கு உள்ள ஆங்கிலப் பெயர் இந்த இன்தெகெர்தான். எங்கள் சமூகமோ இதே பொருளில் ஒரு சொல்லைச் செய்து, அதை உயிருள்ள மனிதர்கள் மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தியது. 1950 ஜனவரி 26 முதல் இந்திய அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. சட்டம் ஒழித்ததை ஊர் முழுக்க ஒழித்துவிட்டது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. என் மேசையில் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் படுத்தாலும் அதே கேள்வி, அதே கை. தொடலாமா என்று அனுமதி கேட்கும் உரிமை மட்டும்தான் எனக்கு உண்டு. தொட மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

உங்கள் நாட்டுக்கும் எங்கள் கடற்கரைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1620-இலிருந்து 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்த மிஷன் அச்சகத்தில் 1738-இல் ஒரு புத்தகம் அச்சானது: இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவர் என்று எங்களால் அழைக்கப்பட்ட பெஸ்கி பாதிரியார் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கணம். எழுதியது லத்தீனில். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் சந்தையிலும் தெருவிலும் மக்களோடு தமிழ் பேச வேண்டும் என்பதற்காக, டேனிஷ் கொடி பறந்த ஊரில், லத்தீன் வழியாகத் தமிழ் அச்சேறியது. இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு டேனிஷ் ஆசிரியர், யாருடைய தாய்மொழியையும் நடுவில் நிறுத்தாமல் லத்தீனுக்கு ஒரு பாதை போட்டார். அந்தப் பாதையில் நான் நடந்து வந்தேன். கொந்திங்கித் என்று தங்கோவுக்கு ஒரு கூட்டுவடிவம் உண்டு. நல்லது ஒன்று ஒருவருக்கு வாய்ப்பதை அது சொல்லும். மகிஸ்தெர் மிஹி கொந்திகித். எனக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். லத்தீன் செத்த மொழி, அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் உங்கள் கை எதை அதிகமாகச் செய்கிறதோ அந்த வினையை. தையல்காரர் என்றால் ஸுவெரெ, சமைப்பவர் என்றால் கொக்வெரெ, ஆசிரியர் என்றால் தொகேரெ, எழுதுகிறவர் என்றால் ஸ்க்ரீபெரெ. அந்த வேலையைச் செய்யும் நேரத்திலேயே, செய்துகொண்டே சொல்லுங்கள். ஊசி துணிக்குள் இறங்கும்போது ஸுவோ என்று சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரிகளிலும் பிசியோதெரபி, நர்சிங் கல்லூரிகளிலும் பாடம் நடத்துகிறவர்கள், முதலாண்டில் ஒரே ஒரு வாரம் ஒதுக்கி, மாணவர்கள் ஒப்பிக்கும் தசைப் பெயர்களுக்கு என்ன பொருள் என்று சொல்லிக்கொடுங்கள். ஒர்பெர்க் ஐயாவின் புத்தகம் இப்போதும் அச்சில் இருக்கிறது. பதினோராவது பாடம் வரைக்குமாவது படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொட்டுப் பிழைக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருச்சி